85-ஆ, 100-ஆ, 135-ஆ, 200-ஆ? போர்ட்ரெய்ட்டுக்கான வேகமான டெலி பிரைம் லென்ஸ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) உள்ள டெலி பிரைம் லென்ஸ் (தூரத்தை நெருக்கிக் காட்டும், ஜூம் ஆகாத லென்ஸ்) ஒன்றை வாங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் கேனனின் நான்கு இ.எஃப். (அதன் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கான) லென்ஸ்களை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன்: 85 மி.மீ. எஃப்/1.8 (1992), 100 மி.மீ. எஃப்/2 (1991), 135 மி.மீ. எஃப்/2 எல் (1996), 200 மி.மீ. எஃப்/2.8 எல் இரண்டாம் பதிப்பு (1996). மி.மீ. என்பது குவியத் தூரம்; எஃப் எண் சிறிதாக ஆக அப்பெர்ச்சர் பெரிது; எல் என்பது கேனனின் உயர்தர வரிசை. நான்குமே பழைய வடிவமைப்புகள். ஆனால் செகண்ட் ஹேண்டில் தாராளமாகப் புழங்குபவை. அடாப்டர் போட்டால் புதிய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவிலும் ஆட்டோ ஃபோகஸோடு ஓடுபவை. நிக்கான், சோனி, சிக்மா வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். அவர்களுக்கான குறிப்புகள் பின்னால் வருகின்றன.

85 வாங்கட்டுமா, 135 வாங்கட்டுமா?

லென்ஸைப் பார்க்கும் முன் நீங்கள் நிற்கப்போகும் இடத்தைப் பாருங்கள். என் கருத்தில் இந்த முடிவில் பாதிக்கு மேல் தூரம் சம்பந்தப்பட்டதுதான்.

ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலையும் தோளும் வருகிற மாதிரி, அதாவது சுமார் 60 செ.மீ. உயரம் ஃபிரேமில் அடங்கும்படி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 85-இல் சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 100-இல் 1.8 மீட்டர், 135-இல் 2.4 மீட்டர், 200-இல் மூன்றரை மீட்டர். இதுவரை பெரிய சிக்கல் இல்லை. முழு உருவம் எடுக்கும்போதுதான் இடிக்கும். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 85-க்கு ஐந்தே கால் மீட்டர் வேண்டும். 135-க்கு எட்டரை மீட்டர். 200-க்குப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்பது மூன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள அறை. அங்கே 135 ஒரு முகத்தை மட்டும்தான் தரும்.

எனவே வீட்டுக்குள், மணமகள் அறையில், சின்ன ஸ்டூடியோவில் வேலை என்றால் 85. பூங்கா, கடற்கரை, கோயில் பிராகாரம், பெரிய மண்டபம் என்றால் 135 தன் உண்மையான பலத்தைக் காட்டும்.

தூரம் முகத்தின் வடிவத்தையும் மாற்றுமா?

மாற்றும். முகத்தின் வடிவத்தை லென்ஸ் மாற்றுவதில்லை, தூரம்தான் மாற்றுகிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸில் அதே தலை-தோள் படத்துக்கு 90 செ.மீ. அருகில் போக வேண்டியிருக்கும். அந்தத் தூரத்தில் காதைவிட மூக்கு சுமார் 13 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். 85-க்கான ஒன்றரை மீட்டரில் இது 8 சதவீதமாகக் குறையும், 135-க்கான தூரத்தில் 5, 200-க்கான தூரத்தில் மூன்றரை. 50-இலிருந்து 85-க்குப் போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 135-இலிருந்து 200-க்குப் போனால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒல்லியான, நீளமான முகத்துக்கு 135 இன்னும் சிறப்பு. வட்டமான முகங்களை ரொம்பத் தூரத்திலிருந்து எடுத்தால் சற்று தட்டையாகத் தெரிகின்றன. அவர்களுக்கு 85 எனக்குப் பிடிக்கும். இது ரசனை, விதி அல்ல.

எஃப்/1.8 லென்ஸைவிட எஃப்/2 லென்ஸ் பின்புலத்தை எப்படி அதிகம் மங்கலாக்குகிறது?

அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். எஃப் எண்ணை மட்டும் பார்த்தால் 85 எஃப்/1.8 முன்னால் நிற்பதுபோல் தோன்றும். தொலைவான பின்புலத்தின் மங்கலை முடிவு செய்வது எஃப் எண் அல்ல, லென்ஸின் ஒளித்துளையின் விட்டம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47 மி.மீ. 100 எஃப்/2-க்கு 50. 135 எஃப்/2-க்கு 67.5. 200 எஃப்/2.8-க்கு 71.

இந்த எண்ணுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் உண்டு. ஆள் மீது ஃபோகஸ் செய்து, வெகு தொலைவில் ஒரு தெருவிளக்கு எரிகிறது என்றால், அந்த விளக்கு படத்தில் ஒரு வட்டமாக விரியும். அந்த வட்டத்தை ஆளின் முகத்தோடு ஒப்பிட்டால் அதன் அகலம் ஏறக்குறைய ஒளித்துளையின் விட்டமே. 85 எஃப்/1.8-இல் முகத்தின் பக்கத்தில் 47 மி.மீ. அகல வட்டம், 135 எஃப்/2-இல் 67 மி.மீ. அகல வட்டம், அதாவது முக அகலத்தில் கிட்டத்தட்ட பாதி. எந்த லென்ஸைப் பார்த்தாலும் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிடுங்கள், விளம்பர வாசகம் எதுவும் தேவைப்படாது. 50 எஃப்/1.8 வெறும் 28. 85 எஃப்/1.4 என்றால் 61, 85 எஃப்/1.2 என்றால் 71. 105 எஃப்/1.4-உம் 135 எஃப்/1.8-உம் ஒரே 75. 200 எஃப்/2 சரியாக 100. இரண்டரைக் கிலோ எடையுள்ள அந்த கேனன் லென்ஸை ஆட்கள் ஏன் சுமக்கிறார்கள் என்பது அதில் தெரியும்.

ஆனால் இது தொலைவான பின்புலத்துக்கான கணக்கு. ஆளுக்கு ஒரு மீட்டர் பின்னால் சுவர் இருந்தால் கதை மாறும். அதே தலை-தோள் படத்தில் அந்தச் சுவரிலுள்ள ஒரு புள்ளி 85 எஃப்/1.8-இல் 19 மி.மீ. அளவுக்கு விரியும், 135 எஃப்/2-இல் 20 மி.மீ. அளவுக்கு. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். 85 எஃப்/1.4-இல் 24, எஃப்/1.2-இல் 28. பின்புலம் பத்து மீட்டர் தள்ளிப் போகும்போது 85 எஃப்/1.8 தருவது 41, 135 எஃப்/2 தருவது 54. ஆக, ஆளைச் சுவரோரம் நிறுத்தித்தான் எடுப்பீர்கள் என்றால் 135-க்குச் செலவழிக்கும் பணம் மங்கலைக் கூட்டாது. அந்த இடத்தில் 85-இன் அகலமான அப்பெர்ச்சருக்குத்தான் மதிப்பு.

அப்படியென்றால் 135-இன் தனிச் சிறப்பு மங்கல் மட்டும்தானா?

இல்லை. மங்கலைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: பின்புலத்தில் எவ்வளவு பகுதி உள்ளே வருகிறது என்பது. 85-இன் மூலைவிட்டப் பார்வைக் கோணம் 28.5 டிகிரி, 135-இல் 18, 200-இல் 12. கல்யாண மேடையை நினைத்துப் பாருங்கள். சீரியல் விளக்கு, பிளாஸ்டிக் பூ, பெயர்ப் பலகை, வீடியோக்காரரின் டிரைபாட், ஓரத்தில் அடுக்கி வைத்த நாற்காலி. 85 இவற்றில் பலவற்றை மங்கலாகவேனும் உள்ளே இழுத்துவிடும். 135 வைத்துக்கொண்டு அரையடி இடம் வலம் நகர்ந்தால் பின்னால் சுத்தமான ஒரு துண்டை மட்டும் பொறுக்கியெடுக்கலாம். மங்கலான குப்பையும் குப்பைதான். அதை ஃபிரேமுக்கு வெளியே விடுகிற லென்ஸுக்கு நான் அதிக மதிப்பு தருவேன்.

எவ்வளவு ஆழம் வரை ஷார்ப்பாக இருக்கும்?

ஆளின் அளவு ஃபிரேமில் மாறாமல் இருந்தால், ஃபோகஸ் ஆழத்தைத் தீர்மானிப்பது எஃப் எண்தான். குவியத் தூரம் அநேகமாகப் பொருட்டில்லை. தலை-தோள் படத்தில் எஃப்/1.2-க்கு இரண்டு செ.மீ., எஃப்/1.4-க்கு இரண்டரை, எஃப்/2-க்கு மூன்றரை, எஃப்/2.8-க்கு ஐந்து செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். முகத்தைச் சற்றுத் திருப்பினாலே இரண்டு கண்களுக்கும் இடையே அந்த இரண்டு செ.மீ. தாண்டிவிடும். மூன்று பேர் நிற்கும் குடும்பப் படத்தை எஃப்/2-இல் எடுக்காதீர்கள். எஃப்/4 அல்லது 5.6.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். 135 எஃப்/2, 85 எஃப்/1.2 ஆகிய இரண்டின் தொலைப் பின்புல மங்கலும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் முகத்தில் ஷார்ப்பாகக் கிடைக்கும் ஆழம் 135-இல் ஒன்றே முக்கால் மடங்கு அதிகம். அசையும் குழந்தையையும் சிரிக்கும் மணமக்களையும் எடுப்பவருக்கு இது பெரிய விஷயம்.

அப்போது 85 எஃப்/1.2 எதற்கு?

நெருக்கமான இடத்தில் மங்கல் வேண்டும், வெளிச்சமும் குறைவு என்றால் அதற்கு ஈடில்லை. 2006-இல் வந்த இ.எஃப். 85 எஃப்/1.2 எல் இரண்டாம் பதிப்பு 1025 கிராம் எடை. கனமான கண்ணாடிகளை நகர்த்துவதால் ஃபோகஸ் மெதுவாகத்தான் போகும். மேனுவல் வளையமும் மோட்டார் வழியாகவே வேலை செய்யும். கேமரா அணைந்திருந்தால் வளையத்தைத் திருப்பி ஒரு பயனும் இல்லை. நிதானமாக அமர்த்தி எடுக்கும் படங்களுக்குச் சரி. ஓடியாடி எடுக்கும் கேண்டிட் வேலைக்கு 425 கிராம் எடையுள்ள எஃப்/1.8 பல மடங்கு சுறுசுறுப்பு. மிரர்லெஸ் ஆர்.எஃப். மவுன்ட்டுக்கு 2019-இல் வந்த 85 எஃப்/1.2 ஒளியியலில் மிகவும் முன்னேறியது, ஆனால் எடை 1195 கிராம்.

85 எஃப்/1.8-க்கும் 100 எஃப்/2-க்கும் என்ன வித்தியாசம்?

அண்ணன் தம்பி மாதிரிதான். ஒரே 58 மி.மீ. ஃபில்டர், ஒரே மாதிரி உடல், வேகமான யு.எஸ்.எம். (அல்ட்ராசோனிக்) ஃபோகஸ் மோட்டார், 425 கிராமும் 460 கிராமும். இரண்டில் ஒன்று நல்ல நிலையில் நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்வது வீண். பின்னால் 135 வாங்கும் எண்ணம் இருந்தால் 85. இது ஒன்றே போதும் என்றால் 100.

நகையைச் சுற்றியும் வெள்ளை வேட்டி ஓரத்திலும் ஊதா நிறம் வருகிறதே?

85 எஃப்/1.8-இன் நன்கு தெரிந்த குறை இது. அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, வெளிச்சமான பொருளின் ஓரம் இருட்டான பின்புலத்தில் விழும்போது வரும். வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு தளத்தில் குவிவதுதான் காரணம்: ஃபோகஸுக்கு முன்னால் உள்ளவை ஊதா சாயலும், பின்னால் உள்ளவை பச்சைச் சாயலும் பெறும். எஃப்/2.8 அளவுக்கு மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மென்பொருளிலும் நீக்கலாம், ஆனால் ஊதாப் பட்டுப்புடவை இருக்கும் படத்தில் அந்தக் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் புடவை ஓரமும் சாம்பலாகும்.

135 எஃப்/2-இல் யு.டி. (இந்த நிறப் பிரிவைக் குறைக்கும்) கண்ணாடிகள் இரண்டு இருக்கின்றன. எஃப்/2-இலேயே நிறப் பிசகு குறைவு, ஷார்ப்பும் அதிகம். அதன் விலை வித்தியாசம் போவது முக்கியமாக இதற்குத்தான்.

என்னிடம் 70-200 எஃப்/2.8 ஜூம் இருக்கிறது. பிரைம் தேவையா?

நிகழ்ச்சிக்குக் காசு வாங்கிப் போகிறவருக்கு 70-200-ஐ விடச் சொல்ல மாட்டேன். 200-இல் எஃப்/2.8 வைத்தால் அதன் ஒளித்துளையும் 71 மி.மீ.தான், மங்கலில் 135 எஃப்/2-க்குக் குறைந்ததில்லை. பிரைம் தருவது வேறு. எஃப்/2 என்பது எஃப்/2.8-ஐவிட இரு மடங்கு ஒளி: ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 கேட்கிற மேடையில் 3200 போதும். எடையும் பாதி: இ.எஃப். 70-200 எஃப்/2.8 ஐ.எஸ். (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி) இரண்டாம் பதிப்பு 1490 கிராம், 135 எஃப்/2 எல் 750 கிராம். அப்புறம் நிறம். வெள்ளை நிறப் பெரிய லென்ஸைத் தூக்கியதும் எதிரில் இருப்பவர் விறைத்துப்போகிறார். கறுப்பாக, சின்னதாக இருக்கும் 135-ஐ யாரும் கண்டுகொள்வதில்லை. இயல்பான முகபாவம் வேண்டுபவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

200 எஃப்/2.8 பிரைம் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டிய லென்ஸ். 765 கிராம், கறுப்பு உடல், 72 மி.மீ. ஃபில்டர், நல்ல ஷார்ப். எடை குறைவாக 200 வேண்டும் என்று தேடுபவருக்குக் கையிலேயே வைத்துக்கொள்ளும் அளவில் கிடைப்பது இது. 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் பெருக்கி) போட்டால் 280 எஃப்/4; பறவைக்குப் போதாது, தெப்பத் திருவிழாவுக்குப் போதும். 135 எஃப்/2-உம் எக்ஸ்டெண்டரை ஏற்கும், 189 எஃப்/2.8 ஆகிவிடும். 85-உம் 100-உம் ஏற்காது. போர்ட்ரெய்ட்டுக்கு 200-இல் உள்ள ஒரே சங்கடம் பேச்சு. பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று “கொஞ்சம் தாடையைத் தாழ்த்துங்க” என்று கத்த வேண்டும்.

இவற்றில் ஐ.எஸ். இல்லை. கை நடுங்கினால்?

நான்கிலும் இல்லை. 135-க்கு ஷட்டர் வேகம் 1/160 நொடி என்பது பழைய விதி. ஆட்களை எடுக்கும்போது அவர்களே அசைவார்கள் என்பதால் 1/250-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது, நடனத்துக்கு 1/500. அந்த வேகத்தில் கை நடுக்கம் பெரும்பாலும் மறைந்துவிடும். சென்சாரை அசைத்து நிலைப்படுத்தும் மிரர்லெஸ் கேமராவில் இந்தப் பழைய லென்ஸ்களுக்கும் அந்த உதவி கிடைக்கும். அது உங்கள் நடுக்கத்தை மட்டும் சரிசெய்யும், பரதம் ஆடும் பெண்ணின் கை வேகத்தை நிறுத்தாது.

கிராப் சென்சார் கேமராவில் எப்படி?

கிராப் என்றால் ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார். கேனன் கிராப்பில் குவியத் தூரத்தை 1.6-ஆல் பெருக்குங்கள். 85 ஆனது 136-க்கு உரிய கோணத்தைத் தரும், தலை-தோளுக்கே 2.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒளித்துளை அதே 47 மி.மீ. என்பதால் தொலைப் பின்புலம் ஃபுல் ஃபிரேமில் 135-ஐ எஃப்/2.9-இல் வைத்தது போல இருக்கும். மோசமில்லை. ஆனால் வீட்டுக்குள் கிராப் கேமராவுக்கு 50-தான் சரி. கிராப்பில் 135 வாங்குவது மேடை நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

ஃபியூஜியில் 56 எஃப்/1.2, 90 எஃப்/2 என்று இந்தச் சென்சாருக்காகவே செய்த லென்ஸ்கள் உண்டு. 90 எஃப்/2 (2015, 540 கிராம்) மிக அழகான லென்ஸ். இன்னும் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸ் 75 எஃப்/1.8 (2012) வெறும் 305 கிராம்.

போர்ட்ரெய்ட் தவிர வேறு எதற்குப் பயன்படும்?

நிறைய. அரங்கேற்றம், கச்சேரி, நாடகம் என்று ஃபிளாஷ் போடக் கூடாத எல்லா இடமும் இந்த லென்ஸ்களின் வீடு. உள்ளரங்க பேட்மின்டன், கபடிக்கு 85-உம் 135-உம் நல்ல வேகத்தில் ஃபோகஸ் பிடிக்கும். தெருவில் 85 ஒரு முகத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தரும். இயற்கைக் காட்சிக்கும் 135 அருமை. மலையடுக்குகளை நெருக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும். விண்மீன் படம் எடுப்பவர்கள் 135 எஃப்/2-ஐத் தேடி வாங்குவார்கள். அவர்களுக்காகவே சொல்கிறேன்: சம்யாங் 135 எஃப்/2, மேனுவல் ஃபோகஸ் மட்டும்தான், ஆனால் முழு அப்பெர்ச்சரிலேயே ஓரம் வரை ஷார்ப். ஆளை எடுக்க அது கடினம், வானத்தை எடுக்கத் தோதானது.

பலவீனம் நெருக்கப் படம். 85-ஆல் 85 செ.மீ.க்கு அருகே ஃபோகஸ் செய்ய முடியாது. தாலி, மோதிரம் எடுக்க வேண்டும் என்றால் ஆர்.எஃப். 85 எஃப்/2 மேக்ரோ (2020) பாருங்கள்: 500 கிராம், 35 செ.மீ. வரை நெருங்கும், பொருளைப் பாதி அளவுக்குப் பதிவு செய்யும், ஐ.எஸ்.ஸும் உண்டு. ஃபோகஸ் சற்று மெதுவு.

நிக்கான், சோனி, சிக்மாவில் எதைப் பார்க்கலாம்?

சிக்கனமாக: நிக்கான் 85 எஃப்/1.8 ஜி (2012, 350 கிராம்), இசட் 85 எஃப்/1.8 எஸ் (2019, 470 கிராம்), சோனி 85 எஃப்/1.8 (2017, 371 கிராம்). மூன்றும் நம்பி வாங்கலாம்; நிக்கான் இசட் 85, பழைய கேனன் 85-ஐவிட நிறப் பிசகில் எவ்வளவோ மேல்.

பணம் தடையில்லை என்றால் சோனி 135 எஃப்/1.8 ஜி.எம். (2019, 950 கிராம்), நிக்கான் 135 எஃப்/1.8 பிளீனா (2023, 995 கிராம்), கேனன் ஆர்.எஃப். 135 எஃப்/1.8 ஐ.எஸ். (935 கிராம்). சாதாரணமாக ஃபிரேமின் மூலைக்குப் போகப் போக விளக்கு வட்டங்கள் பூனைக்கண் போல நசுங்கும். பிளீனாவை மூலைவரை வட்டம் வட்டமாகவே இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். சிக்மா 105 எஃப்/1.4 ஆர்ட் (2018) 1645 கிராம், ஃபில்டர் அளவே 105 மி.மீ.; படம் பிரமாதம், தோள்பட்டை பாவம். அதே சிக்மாவின் மிரர்லெஸ் 85 எஃப்/1.4 (2020) எடையில் 630 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. எடைக்கும் தரத்துக்கும் இன்று நான் முதலில் சொல்லும் 85 அதுதான்.

1990-இல் வந்த நிக்கான் 135 எஃப்/2 டி.சி. லென்ஸில் முன்புல, பின்புல மங்கலின் தன்மையை மாற்ற ஒரு தனி வளையம் இருந்தது. ஆசைப்பட்டு வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதற்கு ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள் இருக்க வேண்டும். இசட் கேமராவுக்கான எஃப்.டி.இசட். அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

எந்த நீளம் எனக்குச் சரி என்று வாங்காமலே தெரிந்துகொள்ள முடியுமா?

உங்களிடமோ நண்பரிடமோ 70-300 போன்ற சாதாரண ஜூம் இருக்கும். ஒரு மாலை முழுக்க 85-இல் வைத்து எடுங்கள், மறுநாள் 135-இல். மங்கல் கிடைக்காது, ஆனால் எங்கே நிற்க வேண்டியிருக்கிறது, எதிரில் இருப்பவரோடு பேச முடிகிறதா என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பூஞ்சை. கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் பையிலேயே கிடந்த லென்ஸ் என்றால் சந்தேகப்படுங்கள். அப்பெர்ச்சரைத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இரண்டு மூன்று தூசு இருப்பது படத்தில் தெரியாது.

அடுத்து ஃபோகஸ் மோட்டார். அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்யுங்கள். உராயும் சத்தமோ தயக்கமோ கூடாது. 1990-களின் லென்ஸ்களுக்குப் புது உதிரிபாகம் கிடைப்பது கடினம், ஆகவே இதில் தாராளம் காட்ட வேண்டாம். அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. டி.எஸ்.எல்.ஆர். என்றால் முழு அப்பெர்ச்சரில் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதுக்கோ மூக்குக்கோ போகிறதா என்று உங்கள் கேமராவிலேயே சோதியுங்கள். சில கேமராக்களில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் மூலம் சரிசெய்யலாம். மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸைப் படிப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளி மறைப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். 135-க்கும் 200-க்கும் லென்ஸோடு வந்தது, 85 எஃப்/1.8-க்குக் கேனன் தனியாக விற்றது, எனவே பலரிடம் இருக்காது. வாங்கிய பின் டிரை கேபினெட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். கேபினெட் இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்; ஜெல் நிறம் மாறியதும் மறக்காமல் சூடாக்கி உலர்த்துங்கள்.